பாக்கெட் வலது பக்கம்

அண்ணாச்சி, பையை அந்தக் கருப்புக் கவர் மேல வைக்காதீங்க. கீழ வைங்க, இல்லேன்னா என் கால் மேல வைங்க, பரவாயில்லை. வெடிகுண்டெல்லாம் இல்லை, அப்படிப் பாக்காதீங்க. போட்டோதான். அதுவும் என் போட்டோ இல்லை. என்னுது இதோ மடியில இருக்கு பாருங்க, கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு. இது மேல நீங்க தலை சாய்ச்சுத் தூங்கினாலும் ஒன்னும் ஆகாது. கவர்ல இருக்கே, அதுதான் நோஞ்சான். வெயில் பட்டா வெளுத்துரும். வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்தாலே கொஞ்சம் கொஞ்சமா போயிருமாம். அப்படி ஒரு ராணி.

மதுரைக்குத்தானே? நானும் அங்கதான். கோவில்பட்டியில நீங்க ஏறும்போதே பாத்தேன். கண்டக்டர் உங்ககிட்ட ஒரு சத்தம் போட்டார்ல, அதைக் கேட்டதும் எனக்கு நாக்கு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. "உள்ள போ, உள்ள போ, கபடி விளையாடுத அளவு எடம் கெடக்கு, படியில நின்னுக்கிட்டு யாருக்கு டாட்டா காட்டுத?" ஏன் திரும்பிப் பாக்குறீங்க? அவர் முன்னால டிக்கெட் குடுத்துட்டு நிக்கார் அண்ணாச்சி. இப்ப பேசினது நான்.

என் பேரு இசக்கிராஜ். திருநெல்வேலியில காலேஜ் முதல் வருஷம். விஸ்காம்னு சொல்வாங்க, படம் எடுக்கிற படிப்பு. புருவத்தைப் பாக்குறீங்களா? எல்லாரும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க. எட்டாவது படிக்கும்போது ஹெட்மாஸ்டர் குரல்ல ஜன்னல் வழியா, "லாங் பெல் அடிப்பா"ன்னு பியூன்கிட்ட சொன்னேன். மத்தியானமே பள்ளிக்கூடம் மொத்தமும் வெளிய வந்துருச்சு. முதல் ஆளா ஓடி கேட்ல முட்டிக்கிட்டேன். வலது புருவத்துல நடுவுல ஒரு கோடு, அங்க மட்டும் முடி முளைக்கவே இல்லை. நம்ம தொழிலுக்கு அரசாங்கம் குத்தின முத்திரைன்னு வெச்சுக்கோங்க.

நீங்க கண்ணாஸ்பத்திரிக்கா? ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, ஒன்னு பாக்கியா? நல்லதாப் போச்சு. முடிஞ்ச கண்ணால எனக்கு ஒரு படத்தைப் பாத்துச் சொல்லணும் நீங்க. இப்ப இல்லை. முதல்ல நியாயத்தைக் கேளுங்க, அப்புறம் படத்தைப் பாருங்க.

இந்த ரெண்டு படமும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தல்லாகுளத்துல ஒரு மண்டபத்துல போய்ச் சேரணும். காலேஜ் பிள்ளைங்களுக்கு ஒரு போட்டோ கண்காட்சி வைக்காங்க. அதுல ஒரே ஒரு பரிசு. வாங்கினவங்க ஒரு மாசம் சென்னையில பெரிய பெரிய போட்டோகிராபர்கூட இருந்து வேலை கத்துக்கலாம். எங்க காலேஜ்ல இருந்து ரெண்டு படம் தேறியிருக்கு. ஒன்னு என்னுது. ஒன்னு பேச்சியோடது. போட்டிக்காரி படத்தைப் போட்டிக்காரன் கையிலயே குடுத்து அனுப்பியிருக்காங்க பாருங்க. எங்க டிபார்ட்மெண்ட் புத்தியை எதுல போய்ச் சொல்ல.

பேச்சியம்மாள். ஆலங்குளம் பக்கத்துல ஒரு ஊர். பேருல மட்டும்தான் பேச்சு. மத்தபடி "சரி", "இல்லை", "அப்படியா". இந்த மூணை வெச்சே வருஷத்தை ஓட்டிருவா. எனக்கு யாருடைய குரலும் வரும் அண்ணாச்சி. எங்க எச்.ஓ.டி. தேவநேசன் சார் வருவார், லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் மேடம் வருவாங்க, கேண்டீன் மாஸ்டர், வாட்ச்மேன், டிவியில செய்தி வாசிக்கிறவர், எல்லாரும் என் தொண்டைக்குள்ளதான் குடியிருக்காங்க. பேச்சி மட்டும் வர மாட்டா. ஒருத்தரைப் பிடிக்கணும்னா ஒரு கொக்கி வேணும்ல. ஒருத்தர் மூக்கால பேசணும், ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் வாக்கியத்துக்கு வாக்கியம் "அதாவது" போடணும். இவகிட்ட ஒரு கொக்கியும் கிடையாது. கண்ணாடிச் சுவர்ல ஏறுற பல்லி மாதிரி, இல்லை, பல்லிகூட ஏறிரும். நான் வழுக்கி விழுதேன்.

ஆனா பாருங்க, நான் எந்தக் குரல்ல பேசினாலும் அவ மட்டும் கண்டுபிடிச்சிருவா. அதுதான் எரிச்சல்.

முதல் நாள் இருட்டறைக்குப் போனோம். இப்ப உலகமே போன்ல படம் எடுக்குது, எங்க சாருக்கு மட்டும் பிலிம்தான். "ம்க்கும். அதாவது. முதல்ல பிலிம். அதாவது. கை நனையணும்." பழைய கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூமைக் கருப்புத் துணி போட்டு மூடி, ஒரு சிவப்பு பல்பைத் தொங்க விட்டிருக்கார். வரிசையா தட்டுல மருந்து. முதல் தட்டுல பேப்பரைப் போட்டா வெள்ளைத்தாள்ல இருந்து முகம் மேல வரும். கடைசித் தட்டுல ஹைப்போ, அதுல முக்கினாத்தான் படம் நிலைச்சு நிக்கும், இல்லேன்னா வெளிய வந்ததும் கருத்துரும். எல்லாரும் தட்டையே குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்காங்க. இந்த மாதிரி ஒரு இருட்டு நமக்கு எங்க கிடைக்கும்? பின்னால நின்னு, "ம்க்கும். அதாவது. யாருலே கதவைத் திறந்தது?"ன்னேன். ஒருத்தன் தட்டைக் கவுத்துட்டான். ஒருத்தி "நான் இல்லை சார்"னு அழப் போயிட்டா.

பேச்சி திரும்பக்கூட இல்லை. "கையை எடு இசக்கி. அது ஹைப்போ. சோறு திங்குற கை"ன்னா.

"எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

"சார் செருமிட்டு மூச்சு எடுப்பாரு. நீ எடுக்கல."

அப்ப என் காதுகிட்ட இருட்டுல ஒரு சத்தம். "ம்க்கும்." ஒரு மூச்சு. "அதாவது, அவ சொல்லுதது சரி."

சார் அவ்வளவு நேரமும் அங்கயே நின்னிருக்கார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய.

பொறாமைன்னு நினைச்சிராதீங்க. பொறாமைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. நான் சும்மா கவனிப்பேன், அவ்வளவுதான். அவ படம் நோட்டீஸ் போர்டுல எத்தனை நாள் தொங்குதுன்னு கவனிப்பேன். சார் அவ மேஜைகிட்ட எவ்வளவு நேரம் நிக்காருன்னு கவனிப்பேன். என் மேஜைகிட்ட வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவார், அவ மேஜைகிட்ட போகும்போது சிரிக்க மாட்டார். அது ஏன்? அதைத்தான் கவனிப்பேன்.

நான் என்னென்ன செஞ்சேன் தெரியுமா? கேமரா இல்லாமலே படம் எடுக்கலாம்னு சார் சொன்னார். இருட்டுல போட்டோ பேப்பர் மேல ஏதாவது ஒரு பொருளை வெச்சு, ஒரு நொடி லைட்டைப் போட்டு அணைச்சா, பொருள் வெள்ளையா விழும், மத்த இடம் கருப்பாகும். எல்லாரும் இலையை வெச்சாங்க, சாவியை வெச்சாங்க. நான் முறுக்கை வெச்சேன். கைமுறுக்கு, அஞ்சு சுத்து. கும்மிருட்டுல வெள்ளை முறுக்கு, அப்படியே நிலா மாதிரி வந்துச்சு. நடுவுல எண்ணெய்க் கறை. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பேச்சி என்ன வெச்சா? ஒன்னும் வைக்கல. ஈரக் கையை உதறினா. பேப்பர் மேல தண்ணித் துளி. ஒவ்வொரு துளியும் ஒரு கண்ணாடிக் குண்டு மாதிரி, உள்ளுக்குள்ள வெளிச்சம் சுழிச்சு நிக்கு. போர்டுல எது தொங்குச்சுன்னு நினைக்கிறீங்க?

கேமரா லென்ஸ்ல என் தங்கச்சி தாவணியைக் கட்டி எடுத்தேன், புகை மாதிரி வரும்னு. அடுத்த வாரம் அவ ஒன்னும் கட்டாமலே மார்கழிப் பனியில போய் எடுத்துட்டு வந்துட்டா. பிலிம்ல ஒரே கட்டத்துல ரெண்டு தடவை எடுத்து எங்க வாட்ச்மேனுக்கு ரெண்டு தலை வெச்சேன். அவ அதே மாதிரி ரெண்டு தடவை எடுத்து, ஒரு காலி நாற்காலி மேல அது நிழலையே உக்கார வெச்சா. நான் எதைச் செஞ்சாலும் அதைச் சத்தம் இல்லாம ஒரு படி மேல செய்வா. காப்பி அடிக்கான்னு சொல்ல முடியாது. அடிக்கலைன்னும் சொல்ல முடியாது. நானே ஒரு காப்பி, நான் போய் யாரைச் சொல்ல.

ஒருநாள் வெறுத்துப்போய், அவளுக்குப் போன் போட்டு சார் குரல்ல, செருமி, மூச்செல்லாம் எடுத்து, "பேச்சியம்மாள், அதாவது, உன் ரோல்ல வெளிச்சம் புகுந்து எல்லாம் போச்சு"ன்னேன். முழுசாக் கேட்டுக்கிட்டா. அப்புறம், "சரி இசக்கி, சாப்பிட்டியா?"ன்னா. வார்டன் குரல்ல கூப்பிட்டாலும் "சொல்லு இசக்கி". கொரியர்காரன் குரல்ல கூப்பிட்டாலும் "சொல்லு இசக்கி". போனை வேற நம்பர்ல இருந்து பண்ணிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. "சொல்லு இசக்கி."

பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததும் சார் சொன்னார், "ஒரு மனுஷனை எடுத்துட்டு வாங்க. அதாவது. ஒரே ஒரு ஆள். அதுல தேறுறது மதுரைக்குப் போகும்." ஒரு ஆள்னா எனக்கு எப்படிப் பத்தும்? இதோ பாருங்க என் படத்தை. நல்லாப் பாருங்க. ஒரு பெஞ்சு. பெஞ்சுல ஏழு பேர். சால்வை போட்டுக்கிட்டு எங்க சார். சாவிக்கொத்தோட வார்டன் மேடம். பக்கத்துல பை மாட்டின கண்டக்டர், டீ மாஸ்டர், வாட்ச்மேன், கவுன்சிலர், கடைசியில செய்தி வாசிக்கிறவர். ஏழும் நான். கம்ப்யூட்டர் வேலை இல்லை. கருப்பு அட்டையில ஒரு கீத்து வெட்டி, லென்ஸ் முன்னால நகர்த்தி நகர்த்தி, பிலிமைச் சுத்தாம, ஒரே கட்டத்துல ஒவ்வொரு ஆளா உக்காந்து எடுத்தது. அட்டை ஒரு நூல் விலகினா மொத்தமும் பாழ். எத்தனை ரோல் வீணாச்சுன்னு எங்க அப்பாகிட்ட சொல்லிராதீங்க.

சார் பாத்தார். சிரிச்சார். கண்ணீர் வர்ற அளவு சிரிச்சார். ஆபீஸ்ல இருந்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ம்க்கும். அதாவது. எல்லாரும் வந்திருக்காங்க. நீ வரலையாலே?"ன்னு கேட்டார்.

"சார், ஏழு பேரும் நான்தான் சார்."

"அப்படியா"ன்னார். போயிட்டார்.

இதுல என்ன அப்படியா இருக்கு? நீங்களே சொல்லுங்க. ஏழு பேரும் நான்தான்னு சொல்லுதேன், நீ வரலையான்னா என்ன அர்த்தம்? வயசாயிருச்சு, பாவம். அன்னைக்கு எனக்கு வேற தலைவலி. இருட்டறைக்குப் பின்னால தண்ணித்தொட்டி இருக்கு, அங்க போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். வேற ஒன்னும் இல்லை, மருந்து நாத்தம், தலைவலி. அங்கயும் வந்துட்டா பேச்சி, கேமராவைத் தூக்கிக்கிட்டு. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. தொட்டியை, குழாயை, சுவரைன்னு எதையோ எடுத்துக்கிட்டிருந்தா. மனுஷன் தலைவலியில உக்காந்திருக்கான், அவளுக்குச் சுவர் முக்கியம்.

அதுக்கப்புறம் இந்த மஞ்சள் கூத்து. சொன்னா நம்ப மாட்டீங்க. ஹாஸ்டல் மெஸ்ல மஞ்சப்பொடி வாங்கியிருக்கா. அதை ஊசி போடும்போது தடவுற ஸ்பிரிட்டுல கரைச்சு, துணியில வடிகட்டி, தடிப் பேப்பர்ல பிரஷ்ஷால பூசி, டிரங்குப் பெட்டிக்குள்ள இருட்டுல காய வெச்சிருக்கா. அவ எடுத்த போட்டோவை ஜெராக்ஸ் கடையில குடுத்துப் பெரிசாக் கண்ணாடித்தாள்ல எடுத்து, அதை அந்த மஞ்சப் பேப்பர் மேல விரிச்சு, ஹாஸ்டல் மொட்டைமாடி வெயில்ல போட்டுட்டா. வெயில் பட்ட இடத்துல மஞ்சள் வெளுக்கும். படத்தோட கருப்பு மறைச்ச இடத்துல அப்படியே நிக்கும். கடைசியில ஆப்பசோடாத் தண்ணியில காட்டினா மஞ்சள் அப்படியே சிவந்துரும். கல்யாண வீட்டுல ஆரத்திக்கு ஆலம் கரைக்காங்கல்ல, மஞ்சளும் சுண்ணாம்பும், அதே வேலைதான். கேமராவுக்கும் ஆலத்துக்கும் முடிச்சுப் போட்டுட்டா கடங்காரி.

ஆனா இதுக்கு ஹைப்போ கிடையாது. நிலைக்க வைக்க வழியே கிடையாது. பாக்கப் பாக்கப் போயிரும். சார் அந்தப் படத்தை அவர் ரூம்ல வெச்சுப் பாத்தார். நான் ஜன்னலுக்கு வெளிய நின்னு சார் பாக்கிறதைப் பாத்தேன். சிரிக்கல. செருமக்கூட இல்லை. ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் தலையைத் தூக்கி, ஜன்னல் வழியா என்னை ஒரு பார்வை பாத்தார். உன்னால இப்படி முடியுமாலேன்னு கேக்குற மாதிரி ஒரு பார்வை. என் படத்துக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க, அண்ணாச்சி. அத்தனை சிரிப்பையும் கட்டிக் குடுத்துட்டு அந்த ஒரு அமைதியை வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்.

நான் போய்க் கேட்டேன். "காட்டுட்டி"ன்னேன். "உனக்குக் கடைசியில"ன்னுட்டா.

அப்புறம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்துருச்சு. ராப்பகலா மஞ்சள்ல கிடந்தா வராம என்ன செய்யும்னு வகுப்புல சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. நேத்து அவங்க அப்பா ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வந்து ஹாஸ்டல் கேட்ல நிக்கார். அவ கண்ணெல்லாம் அப்படியே எலுமிச்சம்பழம். இந்தக் கவரை என் கையில குடுத்து, "இசக்கி, வழியில திறக்காதே. திறக்கத் திறக்கக் கொஞ்சம் போயிரும். மண்டபத்துல ஒரு துணி போட்டுத் தொங்கவிடச் சொல்லு. பாக்கணும்னு இருக்கிறவங்க தூக்கிப் பாக்கட்டும்"னா. இவ்வளவு நீளமா அவ பேசி நான் கேட்டதே இல்லை.

"சார்கிட்ட குடுத்து விடேன், நான் எதுக்கு?"

"இல்லை. நீதான் கொண்டு போகணும்."

நான் வார்டன் குரல்ல, "சரிம்மா, கேட்டைச் சாத்து, பூனை வந்துரும்"னேன். அவங்க அப்பாகூடச் சிரிச்சிட்டார். அவ சிரிக்கல. "உன் குரல்ல சொல்லு"ன்னா. எந்தக் குரல்னு கேட்டேன். ஆட்டோ கிளம்பிருச்சு.

அண்ணாச்சி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுலயே திறந்துட்டேன். யாரா இருந்தாலும் திறப்பாங்க. போட்டிக்காரி என்ன செஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? தண்ணித் துளியோ, நாற்காலியோன்னுதான் நினைச்சேன். பாத்தா ஒரு பயல். ஆம்பளைப் பய. கீழ ஒரு சீட்டுல பேர் எழுதி ஒட்டியிருக்கா, "பேசாதவன்".

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. அவளே பேசாதவள். அவளுக்குன்னு ஒரு பேசாதவன் எங்கயோ உக்காந்திருக்கான். யாருலே இவன்? வகுப்புல உள்ள ஒவ்வொருத்தனையும் நெனைச்சுப் பாத்துட்டேன். சீனியர் எவனாவதா? லைப்ரரியில ஒருத்தன் எப்பவும் குனிஞ்சே இருப்பான், அவனா? கங்கைகொண்டான் தாண்டினதும் இன்னொரு தடவை திறந்தேன். கயத்தாறுல இன்னொரு தடவை. கோவில்பட்டியில வடை திங்க இறங்கும்போது கவர் பாதி திறந்தபடி ஜன்னல் வெயில்ல கிடந்துச்சு. நான் வேணும்னு வைக்கல. மூடல, அவ்வளவுதான்.

இன்னொன்னும் யோசிச்சேன். சும்மா யோசனைதான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது ஒரு கவரை மறந்துட்டா என்ன ஆகும்? எத்தனை குடை, எத்தனை டிபன் கேரியர் பஸ்லயே போயிருது. சட்டம் போட்டது கனமா இருக்கு, அது மறக்காது. கவர் லேசு. "ஐயோ பேச்சி, மறந்து வெச்சிட்டேனே, கண்டக்டர்கிட்டகூடக் கேட்டுப் பாத்தேனே." அழுற குரல் எனக்கு ரொம்ப நல்லா வரும். செய்வேன்னு சொல்லல. செஞ்சா என்னன்னு கேக்கேன்.

சரி, நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க துண்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிங்க. இப்படி. பாருங்க. இதுல என்ன இருக்குன்னு நூறு பேர் துணியைத் தூக்கித் தூக்கிப் பாக்கணும்? ஒரு சுவர். ஒரு பய சுவர்ல சாஞ்சு உக்காந்திருக்கான். தலை குனிஞ்சிருக்கு. பாதி முகம் நிழல். கை ரெண்டும் மடியில, யாரோ வெச்சிட்டுப் போன மாதிரி. வாய் மூடியிருக்கு. அவ்வளவுதான் படம். நிறம் நல்லா இருக்கு, அதை நான் இல்லைன்னு சொல்லல. தோல் மாதிரி இருக்கு. தொட்டா சூடா இருக்குமோன்னு தோணுது. அது மஞ்சளுக்கு உள்ள பேரு, அவளுக்கு என்ன.

இப்ப தப்பெல்லாம் காட்டுதேன், பாருங்க. முதல் தப்பு, சட்டைப் பாக்கெட். எந்தப் பக்கம் இருக்கு? அவனுக்கு வலது பக்கம். எந்த டெய்லர் வலது பக்கம் பாக்கெட் வெச்சுத் தைப்பான்? உங்க சட்டையைப் பாருங்க, இடது. என் சட்டை, இடது. என்ன செஞ்சிருக்கான்னா, கண்ணாடித்தாளைத் திருப்பி விரிச்சிட்டா. முன்னது பின்னதா. அதனால படம் மொத்தமும் இடம் வலமா மாறிருச்சு. முதல் வாரத்துல எல்லாரும் செய்யுற தப்பு, மதுரைக்குப் போற படத்துல செஞ்சு வெச்சிருக்கா. சார் கண்ணுக்கே தப்பிருச்சு. எனக்குத் தப்பல. திருநெல்வேலியில இருந்து இதை நினைச்சு நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டு வாரேன்.

ரெண்டாவது தப்பு, இந்தா, இடது புருவம். நடுவுல ஒரு கோடு தெரியுதா, வெள்ளையா? மஞ்சள் பூசும்போது பிரஷ் முடி ஒன்னு ஒட்டியிருக்கு. அதை எடுக்காமலே காய விட்டுட்டா. கவனம் பத்தாது. மூணாவது, இந்த ஓரத்துல ஒரு குழாய், பாதி வெட்டுப்பட்டு நிக்கு. ஒன்னு முழுசாக் காட்டு, இல்ல விட்டுரு. அரைகுறைக் குழாய் எதுக்கு?

என்ன அண்ணாச்சி. படத்தைப் பாக்கச் சொன்னா என் மூஞ்சியைப் பாக்குறீங்க. மறுபடியும் படம், மறுபடியும் மூஞ்சி. கண்ணு கூசுதா? ஏன் விரலைத் தூக்குறீங்க? என் புருவமா? அதான் சொன்னேனே, ஹெட்மாஸ்டர், லாங் பெல், கேட்டு. அது எனக்கு வலது. இவனுக்கு இடது. அதுவும் புருவம் இல்லை, பிரஷ் முடி. நானா? நான் எங்க அண்ணாச்சி வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன்? எங்க அம்மாகிட்ட கேளுங்க, தூக்கத்துலயே ரெண்டு பேர் குரல்ல சண்டை போடுவேன். நீங்க அந்த ஆபரேஷன் ஆகாத கண்ணால பாக்குறீங்க.

பாக்கெட்டுக்கு என்ன? ஆமா, சொன்னேன். தாளைத் திருப்பிட்டா இடது வலதாயிரும். அதனால பாக்கெட் வலது பக்கம் போயிருச்சு. அதே மாதிரி வலது இடதாயிரும். அதனால...

அதனால.

இருங்க.

இந்தக் குழாய் தொட்டிக் குழாய். பிடி உடைஞ்சு துணி சுத்தியிருக்கும்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. சிரிக்கலையா? சரி.

எனக்குத் தலைவலின்னுதானே சொன்னேன். சுவரை எடுக்கான்னு நினைச்சேன். இப்படியா உக்காந்திருந்தேன்? தினம் கண்ணாடி முன்னால நின்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியா போட்டுப் பாக்கேன். இந்த மூஞ்சியை ஒருநாளும் நான் பாத்ததில்லை.

துண்டை எடுக்காதீங்க. வெயில் படுது. அந்த ஜன்னலை இறக்குங்க. இறங்காதா? அப்ப நீங்க இந்தப் பக்கம் மாறி உக்காருங்க, நிழலுக்கு. கொஞ்சம் சாய்ங்க. கால் பக்கத்தைப் பாத்தீங்களா. காலையில விரலெல்லாம் தெரிஞ்சுச்சு. செருப்பு வாரு தெரிஞ்சுச்சு. இப்ப முட்டுக்குக் கீழ வெறும் பேப்பர். அது வடை தின்ன வெயில். நான் மூடல, அவ்வளவுதான்னு சொன்னேன்ல. முட்டுக்குக் கீழ இல்லை.

மூடிட்டேன். போதும். கவரை நல்லா மடிச்சாச்சா? உங்க துண்டை மதுரை வரைக்கும் குடுங்க, இது மேல சுத்திக்கிறேன். இந்தச் சட்டம் போட்டதைக் கீழ வெச்சிருங்க. கால்கிட்டதான். உங்க பையை அது மேல வைங்க, பரவாயில்லை. ஏழு பேர் இருக்காங்க, தாங்குவாங்க.

போன் அடிக்குது. அவதான். இன்னைக்கு என்ன குரல்ல பேசலாம்னு காலையிலயே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். மண்டபத்துக்காரர் குரல். "உங்க படம் வரவே இல்லையேம்மா"ன்னு. ஒரு நிமிஷம் அண்ணாச்சி.

ஹலோ.

ம். இருக்கு. மடியில வெச்சிருக்கேன்.

விருதுநகர் தாண்டியாச்சு.

இசக்கி பேசுதேன்.

இல்லை, சார் இல்லை. கண்டக்டரும் இல்லை, அவர் முன்னால நிக்கார்.

திறந்தேன், பேச்சி. திறக்காதேன்னு சொன்ன, திறந்துட்டேன். கால் பக்கம் போயிருச்சு. முகம் இருக்கு.

இல்லை, இசக்கியோட தம்பியெல்லாம் இல்லை. எனக்கு எங்க தம்பி இருக்கான்?

வெளையாடல. இது யாருடைய குரலும் இல்லை.

நான்தான்.